சிலேட்டின் உண்மை நகல்

பழனியம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம். தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அதே ஊரில் வாக்கப்பட்டு, அதே ஊரில் முருங்கை போட்டு, அதே ஊரில் புருஷனையும் பறிகொடுத்தவள் அதே ஊரில்தான் குடியிருக்கிறாள் என்று அரசாங்கம் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மகள் புவனேஸ்வரிக்குத் திண்டுக்கல்லில் ஒரு நர்சுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருப்பிடச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இடம் நிலைக்கும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும். புவனேஸ்வரியோ வெள்ளை ஷூகூட வாங்கி வைத்துவிட்டாள்.

இது இரண்டாயிரத்து நான்காம் வருஷத்துச் சங்கதி. மாவட்டத்தில் சான்றிதழ்கள் தாமதமாகின்றன என்று மேலிடத்தில் யாரோ வருத்தப்பட்டதால், கூடுதல் சான்றளிப்புச் சிறப்பு அலுவலகம் என்று ஒன்றைத் திண்டுக்கல்லில் திறந்திருந்தார்கள். அதுவரை ஒரு அலுவலகம் தனியாகத் தாமதம் செய்துகொண்டிருந்தது. இப்போது இரண்டாகிவிட்டபடியால் வேலைப்பளு குறைந்தது.

திங்கட்கிழமை காலையில் பழனியம்மாள் அங்கே போய்ச் சேர்ந்தபோது வாசலில் பியூன் மூக்கையா மறித்தார்.

"ஏத்தா, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போ. கம்ப்யூட்டர் ரூமு. தூசி ஆகாது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஏசி குளிர்ந்தது. மூலையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றும் அதன் பிரிண்டரும் பூப்போட்ட உறைக்குள் இருந்தன. உறையின் மேல் பச்சை நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, அது கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டாள்.

சிறப்பு அலுவலர் ஞானதாஸ் நிமிர்ந்து பார்த்தார். நல்ல வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கேட்டவர்க்கெல்லாம் விளக்கம் சொல்லும் பொறுமை. விளக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் யாருக்கும் லேசில் கொடுத்ததில்லை.

"கெட்டா போச்சு? ஜம்முனு ஓடுதும்மா. அதனாலதான் கட்டி வச்சிருக்கோம்" என்றார். "விஷயம் இதான். மேலிடத்துல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. மடக்குற கம்ப்யூட்டர், திருப்புற கம்ப்யூட்டர், கையில தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டரெல்லாம் வந்துருச்சு. இனிமே மேசைக் கம்ப்யூட்டருக்கு வேலை இருக்குமா, இருக்காதா? நாங்க பரிசோதிச்சு அறிக்கை குடுக்கணும். பழசும் பக்கத்துல ஓடிக்கிட்டிருந்தா, புதுசு சமாளிக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதான் பழசுக்கு அரக்கு வச்சாச்சு."

"அப்போ புதுசு ஓடுதுங்களா?"

"அதைத்தான் பரிசோதிக்கிறோம்."

மேசைமேல் வெல்வெட் துணி விரித்து அதன்மேல் அந்தப் புதுசு வீற்றிருந்தது. பரீட்சை அட்டை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. திறந்தால் மூடியில் திரையும் அடியில் எழுத்துப் பலகையும் இருக்கும். திரையின் கழுத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி மேலே கவிழ்த்தால் எழுத்துப் பலகை மறைந்து, வெறும் சிலேட்டாகிவிடும். ஒரு குச்சியால் அதன்மேல் எழுதலாம். அலுவலகக் கோப்பில் அதன் பெயர் இருநிலைக் கணினி. பழனியம்மாள் அதைச் சிலேட்டு என்றே வைத்துக்கொண்டாள்.

மனுவை இந்தச் சிலேட்டில்தான் எழுதி வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. திறந்திருக்கும்போது அது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் பிரிவின் சொத்து. திருப்பிக் கவிழ்த்து விட்டால் அது சிலேட்டு. சிலேட்டு எழுதுபொருள். எழுதுபொருள், பண்டகப் பிரிவின் சொத்து. எனவே ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் கம்ப்யூட்டர் பிரிவு அதைப் பண்டக எழுத்தரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும்; மறுபடி நிமிர்த்தும்போது அவர் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பண்டக எழுத்தரோ மைத்துனி மகளின் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

"திருப்பாமலே அந்தக் குச்சியில எழுதிக்கக் கூடாதுங்களா?"

ஞானதாஸ் பதறிப்போனார். "சிலேட்டு மேல எழுதினா அது மனு. கம்ப்யூட்டர் மேல எழுதினா அது கிறுக்கல். அரசாங்கச் சொத்துல கிறுக்குனா என்ன தண்டனைன்னு தெரியுமா? நாளைக்கு வாங்க."

மறுநாளும் வந்தாள். இந்த முறை பண்டக எழுத்தர் காதுகுத்துப் பலகாரத்தோடு வந்திருந்தார். சிலேட்டு கைமாறியது, மனு எழுதப்பட்டது, சிலேட்டு மறுபடி கம்ப்யூட்டரானது. ஆளுக்கொரு அதிரசம் சாப்பிட்டார்கள். பழனியம்மாளுக்கும் ஒன்று கிடைத்தது. அந்த அலுவலகத்தில் உடனுக்குடன் அவள் கைக்கு வந்த ஒரே பொருள் அதுதான்.

"இனி ஸ்தல விசாரணை" என்றார் ஞானதாஸ். "நீங்க அங்கதான் குடியிருக்கீங்களான்னு நேர்ல பார்க்கணும். பழைய கம்ப்யூட்டரா இருந்தா நாங்க இங்கயே உக்காந்துக்கிட்டு 'பார்த்தோம்'னு எழுதியிருப்போம். இது நடமாடுற கம்ப்யூட்டர். அதனால நிஜமாவே வரவேண்டியிருக்கு."

புதன்கிழமை ஜீப் கிளம்பியது. கிளம்பும் முன் ஒரு சட்டப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. கம்ப்யூட்டர் இருக்கும் இடம் கம்ப்யூட்டர் அறை. கம்ப்யூட்டரே நகர்ந்தால் அறையும் கூடவே நகரும். ஆகவே அறையின் விதிகளும் நகரும் என்று ஞானதாஸ் தீர்மானித்தார். ஜீப்பில் எல்லாரும் செருப்பைக் கழற்றிப் பின்னால் ஒரு சாக்கில் போட்டார்கள். அறைக்கு ஏசி கட்டாயம் என்பதால், அதன் பொறுப்பு எழுத்து மூலமாக மூக்கையாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு பனையோலை விசிறியால் வழி நெடுக விசிறிக்கொண்டே வந்தார். டிரைவரும் வெறுங்காலோடு பிரேக்கை மிதித்தார்.

சிலேட்டின் பேட்டரி ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தீர்ந்துவிட்டது. ஊரில் போய்ச் சேர்ந்ததும் மின்சாரத்துக்குத் தோதான இடம் தேடினார்கள். மூன்று ஓட்டைப் பிளக் சரியாக இருந்தது மாவு மில்லில் மட்டும்தான். சிலேட்டு அங்கே போனது; அந்த நிமிஷமே மாவு மில் கம்ப்யூட்டர் அறையாகிவிட்டது. கம்ப்யூட்டர் அறையில் தூசி ஆகாது. ஆகவே மில்லை நிறுத்தச் சொன்னார் ஞானதாஸ். மிளகாய்த்தூள் அரைக்க வந்தவர்களும் கம்பு மாவுக்கு நின்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, தகர டப்பாவோடு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

வெளியே வரிசையாகச் செருப்பு. உள்ளே ஒருவர் பயபக்தியோடு விசிறிக்கொண்டிருக்கிறார். பெரிய அதிகாரி ஒருவர் வெறுங்காலோடு கைகட்டி நின்று, சின்னப் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். தாமதமாக வந்த ஒரு கிழவர் இதையெல்லாம் கண்டுவிட்டு, எந்தச் சாமி என்று விசாரிக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு ரூபாயை வைத்துவிட்டுப் போனார். அது அரசுக் கணக்கில் எந்தத் தலைப்பில் வரும் என்று ஞானதாஸுக்குக் கொஞ்ச நேரம் கவலையாக இருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டதால் அவர் பேச வேண்டியதாயிற்று. அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பொதுமக்களே! இதுநாள் வரைக்கும் நீங்க அலுவலகத்தைத் தேடி அலைஞ்சீங்க. பஸ்சுக்கு நின்னீங்க, வெயில்ல வாடுனீங்க. அந்தக் காலம் மலையேறிப் போச்சு. இனிமே அலுவலகம் உங்களைத் தேடி வரும். நீங்க இருந்த இடத்துலயே அலையலாம்!"

கைதட்டினார்கள். மில் எப்போது ஓடும் என்று ஒருத்தி கேட்டாள். அதற்குத் தனியாக மனுக் கொடுக்கலாம் என்றார்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. பழனியம்மாள் மில்லில் சிலேட்டின் முன் நின்று கைநாட்டு வைக்க வேண்டும். அதே நேரம், அவள் வீட்டில் இருக்கிறாளா என்று மூக்கையா போய்ப் பார்த்து வர வேண்டும். மூக்கையா போனார், வந்தார்.

"வீடு பூட்டியிருக்குங்கய்யா."

ஞானதாஸ் குச்சியை எடுத்தார். "மனுதாரர் வீட்டில் இல்லை."

"நாந்தான் இங்க உங்க முன்னாடி நிக்கறனுங்களே சார்!"

"அதுதாம்மா பிரச்சினையே. இங்க நிக்கிறீங்க. அங்க இல்ல."

பழனியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்து வாசலில் நின்றாள். மூக்கையா வந்து பார்த்துத் தலையாட்டினார். அவள் மூச்சு வாங்க மில்லுக்குத் திரும்புவதற்குள், மனுதாரர் கைநாட்டு வைக்க ஆஜராகவில்லை என்று எழுதியாயிற்று. அவளுக்கு அழுகை முட்டியது. ஊரே சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிற ஊர், அவள் அங்கே இருக்கிறாளா இல்லையா என்ற முடிவுக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"எம்புள்ளைக்கு வெள்ளிக்கெழமையோட முடியுதுங்க. எங்க நிக்கோணும்னு ஒரு எடத்தச் சொல்லுங்க, அங்கயே நிக்கறனுங்க."

ஞானதாஸ் இளகினார். அவர் கெட்டவர் அல்ல. விதி இடம் கொடுத்தால் அவரும் கொடுப்பார். கண்ணை மூடி யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். "வீடு பூட்டியிருந்துச்சா? வீடு இல்லாதவங்க வீட்டைப் பூட்ட முடியாது. ஆகவே மனுதாரருக்கு வீடு இருக்கு. பூட்டினது மனுதாரர்னா, பூட்டுறதுக்கு முன்னாடி அங்க இருந்திருக்கணும். விசாரணை முடிஞ்சது."

மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஜீப் போனபின் பார்த்தால் ஊராரின் செருப்பில் மூன்று ஜோடி அந்தச் சாக்கோடு சேர்ந்து போயிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சான்றிதழ் தயாராகிவிட்டது. ஞானதாஸே எழுந்து சிலேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பளிச்சென்ற வெள்ளையில் அவள் பெயர், ஊர், தெரு, கீழே அவர் கையெழுத்து, வட்ட முத்திரையின் படம். பழனியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லா இருக்குங்க சார் என்று மனசாரச் சொன்னாள்.

"பார்த்தாச்சுல்ல? போயிட்டு வாங்க."

"குடுங்க சார்."

"குடுத்தாச்சே. இப்பப் பார்த்தீங்கள்ல?"

"பேப்பருல குடுங்க. பள்ளிக்கூடத்துல கேப்பாங்களே."

ஞானதாஸ் அரக்கு வைத்த பிரிண்டரைப் பார்த்தார். அது பழைய கம்ப்யூட்டரின் உடன்பிறப்பு. அதைத் தொட்டால் பரிசோதனை கெட்டுவிடும். புது சிலேட்டுக்கென்று பிரிண்டர் கேட்டு எழுதியிருந்தார். புதுசு பழசுக்கு மாற்றா இல்லையா என்ற அறிக்கை வந்த பிறகுதான் தருவோம் என்று பதில் வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டை எடுத்துப் போகலாமா என்றால், அதற்குத் தனியாக ஜீப் உத்தரவு வேண்டும்.

அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. "எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கே! மூக்கையா, எடு விசிறியை."

நூர் அகமதுவின் ஜெராக்ஸ் கடை அந்தக் கணமே கம்ப்யூட்டர் அறையாயிற்று. ஹால் டிக்கெட் நகல் எடுக்க வந்த பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். ஞானதாஸ் சிலேட்டைத் தன் கையாலேயே மெஷின் கண்ணாடிமேல் குப்புறக் கவிழ்த்தார். நூர் அகமது தயங்கினார்.

"சார், இதெல்லாம் சரியா வராது சார். வெளிச்சத்து மேல வெளிச்சம் விழும்."

"இம்புட்டு வெளிச்சம் இருக்குறப்ப எழுத்து இன்னும் தெளிவா விழும்யா. அமுக்கு."

அமுக்கினார். தாள் வந்தது. முழுக் கறுப்பு. நூர் அகமது கலரைக் குறைத்து இன்னொன்று எடுத்தார். அதுவும் கறுப்பு. சிலேட்டைக் குறுக்காக வைத்து எடுத்தார், குறுக்காகக் கறுத்தது.

"கண்ணாடி மேல ஒண்ணுமே வைக்காம, மூடியைத் திறந்து போட்டுட்டு எடுத்தா எப்படி வருமோ, அப்படியே வந்திருக்கு சார்" என்றார் நூர் அகமது.

ஞானதாஸ் தாளை வாங்கி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பார்வையில் துளியும் சந்தேகம் இல்லை. "அசல் தெளிவா இருக்கா? இருக்கு. இந்தத் தாள் அந்த அசலை வச்சு எடுத்ததா? ஆமா. எடுக்குறப்ப நான் பக்கத்துல நின்னேனா? நின்னேன். அப்புறம் என்ன?"

முன்பக்கம் மை பிடிக்காது என்பதால் தாளைத் திருப்பி, வெள்ளையான பின்பக்கத்தில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, கீழே வட்ட முத்திரை வைத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு கடையில் இருந்தவர்களைப் பார்த்து, அறிக்கையின் முடிவுரையை அங்கேயே வாய்விட்டுச் சொன்னார்.

"இருநிலைக் கணினி, மேசைக் கணினிக்கு முழுமையான மாற்றாகும். பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு மாவு மில், ஒரு ஜீப், ஒரு விசிறி, விசிறுறதுக்கு ஒரு ஆள், இம்புட்டும் இருந்தா வேற எதுவுமே தேவையில்லை."

வெள்ளிக்கிழமை காலையில் பழனியம்மாளும் புவனேஸ்வரியும் நர்சுப் பள்ளியின் அலுவலக ஜன்னல் முன் நின்றார்கள். தாயின் கையில் அந்தக் கறுப்புத் தாள். முதல்நாள் ராத்திரியே மகள் அதைப் பார்த்துவிட்டு, இதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறதுக்குப் போகாமலே இருந்திரலாம்மா என்று அழுதிருந்தாள். தாய்க்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். இருந்தாலும் வேறு காகிதம் இல்லை.

ஜன்னலுக்கு உள்ளே எழுத்தர் செபாஸ்தியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை வாங்கினார். கறுப்புப் பக்கத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் திருப்பினார். பின்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து, முத்திரையை விரலால் சுற்றி வந்தார்.

"வட்டம் முழுசா விழுந்திருக்கு. பச்சை மை. உண்மை நகல்னும் போட்டிருக்கு" என்றார். "எல்லாரும் இப்படிக் கொண்டாந்தா எனக்கு ஏன் தலைவலி? திங்கட்கிழமை பெட்டியோட வந்து சேரு பாப்பா."

பழனியம்மாள், செபாஸ்தியம்மாள் மனசு மாறுவதற்குள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பத்தடி போயிருக்க மாட்டார்கள். பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

அடுத்து நின்றவர்கள் சித்தையன்கோட்டையிலிருந்து வந்திருந்த அன்னாளும் அவள் மகள் அனிஷாவும். அவர்கள் கொண்டுவந்த சான்றிதழில் ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. பெயர் தெரிந்தது, ஊர் தெரிந்தது, தெருகூடத் தெரிந்தது. முத்திரைதான் பாதி விழவில்லை.

"முத்திரை பாதிதான் இருக்கு. செல்லாது" என்று தாளை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார் செபாஸ்தியம்மாள். "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. சரியா வாங்கிட்டு வாங்க."

"எழுதிக் குடுத்தவரு மாத்தலாகிப் போயிட்டாரும்மா. புது ஆளு இன்னும் வரலை. இன்னிக்கே எங்கிட்டுப் போயி வாங்குவேன்?" என்று அன்னாள் கெஞ்சினாள். செபாஸ்தியம்மாள் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பழனியம்மாளுக்குக் கால் நகரவில்லை. ஒன்றும் தெரியாத தாளைக் கொடுத்து தன் மகள் உள்ளே போகிறாள். எல்லாம் தெரிகிற தாளைக் கொடுத்து அந்தப் பெண் வெளியே நிற்கிறாள். பழனி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று மகள் நினைவுபடுத்தினாள். போகட்டும் விடு என்றாள் பழனியம்மாள்.

அன்னாளையும் அனிஷாவையும் கூட்டிக்கொண்டு நேரே சிறப்பு அலுவலகத்துக்குப் போனாள். நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஞானதாஸ் அனிஷாவின் சான்றிதழைப் படித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது மேசைக் கம்ப்யூட்டர்ல அடிச்சது. பரிசோதனைக் காலத்துல இதுல நான் முத்திரை வச்சா, பழசு இன்னும் வேலை செய்யுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். புதுசா மனுப் போடுங்க. பண்டக எழுத்தர் இன்னிக்கு லீவு."

அன்னாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பழனியம்மாள் வெளியே வந்து, செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

"பாய், நேத்து எடுத்தீங்களே, அதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"சிலேட்டு எங்கம்மா?"

"அது எதுக்குங்க? மூடியைத் தொறந்து போட்டுட்டு அமுக்குங்க."

நூர் அகமது அவளைப் பார்த்தார். அப்புறம் ரோட்டுக்கு எதிரே அலுவலக வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். வெளிச்சம் ஒருமுறை ஓடித் திரும்பியது. சுடச்சுடத் தாள் வந்தது, அடுப்புக்கரியாக.

அதைக் கொண்டுபோய் ஞானதாஸ் முன்னால் வைத்தாள். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. தனக்குப் பழக்கமான ஒன்றைப் பார்த்த நிம்மதி.

"நகல் எடுத்தே வச்சிருக்கீங்களா? இதைக் காட்டாம என்னமோ பழைய தாளைக் காட்டிக்கிட்டிருக்கீங்க!"

கறுப்புத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒரு வரி விடாமல் படிப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தார்.

"முந்தின காப்பியை விட இது இன்னும் தெளிவா விழுந்திருக்கே. பரவால்ல, தொழில்நுட்பம் நாளுக்கு நாள் முன்னேறிக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லி, தாளைத் திருப்பிப் போட்டு, முத்திரையை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தி, வட்டம் முழுசாக விழும்படி ஓங்கிக் குத்தினார்.